சொல்லுக்குள்ளே ஒரு சமுதாயம்

வயலிலே விளைந்து தலை சாய்ந்து நிற்கிறது, அது நெல். குத்திப் புடைத்தெடுக்கிறோம், அது அரிசி. உலையிலிட்டு வடித்திறக்குகிறோம், அது சோறு. ஆங்கிலேயனுக்கு இம்மூன்றும் 'ரைஸ்' என்ற ஒரே சொல்தான். அவன் மொழி ஏழை மொழி என்று எண்ணிவிட வேண்டாம். அவன் வயலிலே விளைந்தது கோதுமை. நெல்லைப் பற்றி அவன் நாவுக்கு அதிக வேலை இருந்ததில்லை. சேற்றிலே கால் வைத்தவனுக்குத்தான் நெல்லின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது.

ஜப்பானியன் சேற்றிலே கால் வைத்தவன். வயலிலே நிற்கும் பயிரை அவன் 'இனே' என்றான். உமியோடு கூடிய மணியை 'மொமி' என்றான். உமி நீங்கிய அரிசி 'கொமே' ஆயிற்று. வெந்து ஆவி பறக்கும் சோறு 'கொஹன்' ஆயிற்று. இந்நான்கையும் ஏட்டைப் பார்த்து உருப்போட்டால் ஒரே வாரத்திலே மறந்து போகும். வயலிலிருந்து கலத்துக்கு வரும் வழியிலே வைத்துக் கற்றால் தமிழனுக்கு மறவாது. அது அவன் நடந்து பழகிய வழி.

அயல்மொழிச் சொல்லைக் கற்பவர் இரு வகையினர். பொருள் என்ன என்று மட்டும் கேட்டுக்கொண்டு நகர்ந்து விடுவோர் ஒரு வகை. இந்தச் சொல்லை யார், யாரைப் பார்த்துச் சொன்னார்? யார் வாயிலே இது வரக்கூடாது என்று தடுத்தனர்? இதற்குப் பெயரிட்டவர் யார், பெயரிழந்தவர் யார்? என்றெல்லாம் கேட்போர் மற்றொரு வகை. முன்னவருக்குக் கிடைப்பது கடைவீதியிலே சரக்கு வாங்கும் திறமை. பின்னவருக்குக் கிடைப்பதோ ஒரு சமுதாயத்தின் வரலாறு! பகுத்தறிவு பேசும் இளைஞர் இரண்டாம் வகையினராய் இருக்க வேண்டாமா? ஜப்பானியரின் அன்றாடச் சொற்கள் சிலவற்றை அவ்வழியிலே கற்றுப் பார்ப்போம்.

சோறும் சொல்லும்

'அஸ' என்றால் காலை. காலை உணவு 'அஸ-கொஹன்'. 'ஹிரு' என்றால் பகல், பகலுணவு 'ஹிரு-கொஹன்'. 'பன்' என்றால் மாலையும் இரவும் கூடும் வேளை. அப்போதைய உணவு 'பன்-கொஹன்'. உணவு என்றாலே சோறு! கொஹன் என்ற சொல்லின் முதலெழுத்து வெறும் ஒலியன்று. மதிப்பைக் காட்டும் முன்னொட்டு. சோற்றுக்கு மரியாதை தந்து பேசும் மக்கள் அவர்கள்.

சோற்றுக்கு மரியாதை தந்தார்கள், சரி; நெல் விளைவித்தவனுக்கு மரியாதை தந்தார்களோ?

1603 முதல் 1867 வரை தோகுகாவா வல்லாட்சி அந்நாட்டை ஆண்டது. அக்காலத்திலே ஒரு சிற்றரசனின் பெருமையை அளந்தது பொன்னும் அன்று, படையும் அன்று, அரிசி. 'கொகு' என்பது அளவு. ஏறத்தாழ 180 லிட்டர் கொண்டது ஒரு கொகு. ஓர் ஆளின் ஓராண்டு உணவு என்பது கணக்கு. காகா நாட்டை ஆண்ட மாயெதா குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொகுவுக்கு மேல் விளையும் நிலம் என்று பெருமை பேசினர். அந்தக் கொமேயிலே பெரும் பங்கு வரியாய், கிடங்குக்குப் போயிற்று. அதை விளைவித்த உழவர் பலரின் கலத்திலே விழுந்ததோ வாற்கோதுமையும் தினையும் குதிரைவாலியும். கொஹன் என்ற மரியாதைச் சொல், அதைப் படைத்தவன் வீட்டிலேயே விருந்தாளியாய் இருந்தது!

இந்த அநீதி இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1918ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிலே, தொயாமா மாவட்டத்து மீனவர் ஊர்களிலே பெண்கள் எழுந்தனர். அரிசி விலை ஏறிக்கொண்டே போயிற்று. வணிகரோ கண்ணெதிரே அரிசி மூட்டைகளைக் கப்பலேற்றி வெளியூருக்கு அனுப்பினர். "ஏற்றாதே!" என்று குறுக்கே நின்றனர் அப்பெண்கள். அவர்கள் வாக்குரிமை அற்றவர்கள்; அரசியல் கட்சியிலே சேரக்கூடச் சட்டம் இடந்தராதவர்கள். ஆனாலும் அவர்கள் மூட்டிய தீ சில வாரங்களிலே நாடெங்கும் பரவிற்று. படையை அழைத்தும் அமைச்சரவை நிலைக்கவில்லை. தெராவுச்சி பதவி விலகினார். செப்டம்பரிலே ஹாரா தகாஷி தலைமை அமைச்சரானார். பிறப்பால் அவரும் சாமுராய்க் குடும்பத்தவரே. ஆயினும் பிரபுப் பட்டம் எதுவும் பூணாமல் அப்பதவியிலே அமர்ந்த முதல் மனிதர். 'பொதுமக்களின் தலைமை அமைச்சர்' என்று நாடு அவரை அழைத்தது.

கொமே, கொஹன் என்னும் இரு சிறு சொற்களுக்கிடையே எவ்வளவு பெரிய கதை!

கடல் கொண்டுவந்த சொற்கள்

1543இல் போர்த்துக்கீசியர் ஜப்பானின் தானெகஷிமாத் தீவிலே கரையேறினர். வணிகம் வந்தது, துப்பாக்கி வந்தது, பாதிரி வந்தார், சொற்களும் வந்தன. ரொட்டிக்கு ஜப்பானியன் இன்றும் சொல்வது 'பன்'. புகையிலைக்கு 'தபாகோ'. சட்டையிலே பூட்டும் பொத்தானுக்கு 'போதன்'.

பொத்தான், போதன்! இரண்டும் ஒலியிலே உறவாடுகின்றனவே, தமிழிலிருந்து சென்றதோ, அங்கிருந்து வந்ததோ என்று மயங்க வேண்டியதில்லை. அதே போர்த்துக்கீசியக் கப்பல்கள்தாம் நம் கரைக்கும் வந்தன. ஜன்னல், அலமாரி, மேசை, சாவி ஆகியவற்றோடு பொத்தானையும் நமக்குத் தந்துவிட்டுச் சென்றன. புகையிலைக்கு மட்டும் நாம் நம் வேரிலிருந்தே பெயர் படைத்துக் கொண்டோம். ஜப்பானியன் வந்த பெயரை அப்படியே வைத்துக்கொண்டான்.

இங்கே ஒரு கட்டுக்கதையையும் களைய வேண்டும். நன்றி கூற ஜப்பானியர் சொல்லும் 'அரிகதோ', போர்த்துக்கீசியரின் 'ஒப்ரிகாதோ' என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்று பலர் சொல்லித் திரிகின்றனர். ஒலி ஒத்திருக்கிறது; உண்மை ஒத்துவரவில்லை. 'இருத்தற்கு அரியது' என்னும் பொருளுடைய 'அரிகதஷி' என்ற பழஞ்சொல், போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூறாண்டுகளுக்கு முன்பே ஜப்பானிய நூல்களிலே வழங்கியது. அரிதான உதவி என்ற பொருளே தேய்ந்து நன்றியாயிற்று. ஒலி ஒற்றுமையைக் கண்டவுடனே உறவு பேசுவது அறிவின் வேலையன்று, ஆசையின் வேலை.

1639இல் போர்த்துக்கீசியக் கப்பல்களுக்குத் தடை விதித்தது அரசு. 1641 முதல் நாகசாகித் துறைமுகத்தை அடுத்த தெஜிமா என்னும் சின்னஞ்சிறு செயற்கைத் தீவிலே டச்சுக்காரர் மட்டும் அடைபட்டு வணிகம் செய்தனர். கதவை மூடிவிட்டோம் என்று ஆட்சியாளர் இறுமாந்திருந்தனர். சாளரம் ஒன்று திறந்தேயிருந்தது! 'பீரு' அங்கிருந்து வந்தது. கண்ணாடிக்குக் 'கராஸு', காப்பிக்குக் 'கோஹீ', ரப்பருக்குக் 'கொமு' வந்தன. ஜப்பானியப் பள்ளிக் குழந்தைகள் முதுகிலே சுமக்கும் தோல்பைக்கு 'ரந்தொசெரு' என்று பெயர். டச்சுச் சிப்பாயின் முதுகுப்பை தந்த பெயர் அது. சரக்கோடு சொல் வந்தது. சொல்லோடு அறிவும் வந்தது.

பெயரில்லாக் கிழவர்

1771ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள். எதோ நகரின், அதாவது இன்றைய தோக்கியோவின், கொலைக்களமான கொசுகப்பாராவிலே, மரண தண்டனை பெற்றுக் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் உடல் கிடந்தது. அதை அறுத்துப் பார்க்க இசைவு பெற்று வந்திருந்தனர் மருத்துவர் சிலர். அவர்களுள் சுகிதா கென்பாகு, மாயெனோ ரியோதாகு ஆகிய இருவர் கையிலும் ஒரே டச்சு நூல் இருந்தது. குல்முஸ் என்னும் ஜெர்மானியர் எழுதிய உடற்கூற்று நூலின் டச்சு மொழிபெயர்ப்பு அது. அவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. படங்களைப் பார்க்கத் தெரியும்.

மருத்துவர்கள் வந்தனர், சரி. உடலை அறுப்பவர் யார்? பிணத்தைத் தொட்டால் தீட்டு! ஆகவே அந்த வேலைக்கென்று ஒரு கூட்டத்தை ஒதுக்கி வைத்திருந்தனர். 'எதா' என்று இழித்தழைத்தனர். அழுக்கு நிறைந்தோர் என்ற பொருள்படும் எழுத்துகளால் அப்பெயரை எழுதினர். அன்று அறுக்க வேண்டியவர் நோயுற்றதால் அவருடைய பாட்டனார் வந்தார். வயது 90. இளமை முதலே அத்தொழில் செய்தவர்.

அந்த முதியவர் அறுத்துக் காட்டினார். இது இதயம், இது ஈரல், இது பித்தப்பை, இது இரைப்பை என்று விரல் நீட்டினார். பின்னர் வேறு சிலவற்றைச் சுட்டி, இவற்றின் பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் நான் அறுத்த ஒவ்வோர் உடலிலும் இவை இதே இடத்திலே இருந்தன என்றார். மருத்துவர்கள் டச்சுப் படத்தைப் பார்த்தனர், உடலைப் பார்த்தனர். அச்சாய் ஒத்திருந்தது! காலமெல்லாம் அவர்கள் ஓதி வந்த சீன மருத்துவ நூல்களின் விளக்கம் ஒத்துவரவில்லை. பெயர் தெரியாது என்று அவர் காட்டியவற்றுள் பெரிய குருதிக் குழாய்கள் இருந்தன என்பது பிறகு விளங்கிற்று.

ஏடு பொய்த்தது, கண் வென்றது. கண்ணுக்குக் காட்டிய கையோ, தீண்டாதே என்று தள்ளி வைக்கப்பட்ட கை! இத்தனையும் நமக்குத் தெரிவது சுகிதா முதுமையிலே, 1815இல், எழுதி வைத்த நினைவுக் குறிப்பால். அதிலே அம்முதியவரின் பெயர் இல்லை. இன்னாரின் பாட்டன் என்ற அளவோடு வரலாறு அவரை விட்டுவிட்டது.

மறுநாளே மருத்துவர்கள் கூடினர். அந்நூலைத் தம் மொழிக்குக் கொண்டுவர உறுதி பூண்டனர். அகராதி என்று சொல்லத்தக்க ஒன்று அவர்கள் கையிலே இல்லை. மூக்கைப் பற்றிய ஒரு சொல்லிலே அவர்கள் தடுக்கி விழுந்த கதையைச் சுகிதா சுவையாகச் சொல்கிறார். கிளையை வெட்டினால் வெட்டிய இடம் அவ்வாறு ஆகும், முற்றத்தைப் பெருக்கினால் குப்பை அவ்வாறு ஆகும் என்று ஒரு சிறு குறிப்பேடு கூறிற்றாம். வெட்டுவாய் ஆறினால் புடைக்கிறது. குப்பை சேர்ந்தால் குவிகிறது. ஆக, முகத்தின் நடுவே மேடாய் எழுந்தது மூக்கு! பொருள் பிடிபட்டதும் மணிகள் குவிந்த நகரம் கைக்கு வந்தாற்போல் மகிழ்ந்தனராம். பின்வந்த ஆய்வாளர் மூல நூலின் அவ்விடத்திலே அச்சொல் இல்லை என்று கண்டனர்; கிழவரின் நினைவு சற்றே தடம் மாறியிருக்கலாம். ஆனால் முறையைப் பாருங்கள்! முற்றத்துக் குப்பையிலிருந்தும் முறித்த கிளையிலிருந்தும் அயல்மொழிச் சொல்லுக்குப் பொருள் கண்ட முறை, எக்காலத்துக்கும் ஏற்ற முறை.

1774இல் 'கைதாய் ஷின்ஷோ' என்ற பெயரிலே அவர்கள் நூல் வெளிவந்தது. தம் மொழியிலே பெயரில்லாதவற்றுக்குப் பெயர் படைத்தனர். நரம்புக்கு 'ஷின்கெய்'. குருத்தெலும்புக்கு, மெல்லெலும்பு என்னும் பொருள்பட, 'நன்கொத்ஸு'. இன்று ஜப்பானியத் தெருக்கடையிலே கோழியின் குருத்தெலும்பைக் கம்பியிலே கோத்துச் சுட்டு விற்கிறார்கள். 'நன்கொத்ஸு ஒன்று' என்று கேட்டு வாங்கித் தின்கிறார்கள். அறிவியல் சொல் அடுப்பங்கரைச் சொல்லாயிற்று! கலைச்சொல் மக்கள் நாவிலே நில்லாது என்பார்க்கு இதைக் காட்டலாம்.

மேடை கண்ட மொழி

1868இல் மெய்ஜி ஆட்சி பிறந்தது. கதவு திறந்தது, மேலைநாட்டு அறிவு வெள்ளமெனப் புகுந்தது. அதைத் தாங்கத் தங்கள் மொழிக்கு வலிமையில்லை என்று படித்தவர்களே அஞ்சினர். அமெரிக்காவிலே தூதராயிருந்த மோரி அரினோரி, ஆங்கிலத்தையே நாட்டுக்கு மொழியாக்கலாம் என்று 1872இல் யேல் பல்கலைக்கழகத்து மொழியறிஞர் விட்னிக்கு எழுதினார். மக்களின் தாய்மொழியைக் கைவிட வேண்டாம் என்பதே விட்னியின் மறுமொழி. லண்டனிலே படித்துக் கொண்டிருந்த பாபா தத்ஸுயி என்னும் இளைஞரோ, 1873இல் ஜப்பானிய இலக்கண நூல் ஒன்றை ஆங்கிலத்திலேயே எழுதி, எங்கள் மொழிக்கு இலக்கணம் உண்டு என்று காட்டினார். ஆங்கிலம் ஆட்சிமொழியானால், அதைக் கற்க வசதியுள்ளோர் ஒரு சாதி, வசதியற்றோர் மறுசாதி என்று நாடு பிளக்கும் என்றும் எச்சரித்தார். அப்போது அவருக்கு வயது 23!

மேடைப் பேச்சுக்கு ஜப்பானிய மொழி உதவாது என்ற எண்ணமும் அன்று இருந்தது. மோரியும் அப்படிச் சொன்னார். ஃபுகுசாவா யுகிச்சி வாதாடவில்லை. 1874இல் நண்பர் குழுவிலே, உரையாடுவது போலத் தொடங்கி, தைவான் சிக்கலைப் பற்றி நெடுநேரம் பேசினார். முடிந்ததும், நான் சொன்னது விளங்கிற்றா என்றார். விளங்கிற்று என்றனர். அதுதான் சொற்பொழிவு என்றார்! அதற்கு அவர் வழங்கிய சொல் 'என்ஸெத்ஸு'. 1875இல் அதற்கென்றே ஒரு மன்றமும் கட்டினார். அக்கட்டடம் கெய்யோ பல்கலைக்கழகத்திலே இன்றும் நிற்கிறது. அதே காலத்திலேதான் சமுதாயத்தைக் குறிக்கும் 'ஷகாய்', உரிமையைக் குறிக்கும் 'கென்ரி', தத்துவத்தைக் குறிக்க நிஷி அமானே படைத்த 'தெத்ஸுகாகு' ஆகியவை வழக்கிலே ஊன்றின. 'ஜியூ' என்ற பழஞ்சொல்லுக்கு விடுதலை என்ற புதுப்பொருள் ஏறிற்று.

சொல் பிறந்தால் செயல் பிறக்காமலிருக்குமோ? ஊரூராய் மேடைகள் எழுந்தன. உரிமைக் குரல் ஒலித்தது. 1880இல் அரசு ஒரு சட்டம் போட்டது. கூட்டத்திலே போலீஸ் அதிகாரி அமர்ந்திருப்பார். பிடிக்காத பேச்சை நடுவிலேயே நிறுத்துவார்! உதவாத மொழி என்று ஏளனம் செய்யப்பட்ட மொழிக்கு, ஆறே ஆண்டுகளிலே, வாய்ப்பூட்டுத் தேவைப்பட்டது.

வீட்டுக்குள்ளே பூட்டிய சொற்கள்

ஜப்பானியப் பெண் தன் கணவனைப் பிறரிடம் குறிப்பிடும் சொற்களுள் ஒன்று 'ஷுஜின்'. பொருள், எசமானன். கணவன் தன் மனைவியைக் குறிப்பிடும் பழைய சொல் 'கனாய்'. பொருள், வீட்டுக்குள்ளே இருப்பவள். பிறர் மனைவியை மதிப்போடு அழைக்கும் சொல் 'ஒகுஸன்'. பொருள், உள்ளறையார். இல்லாள், மனைவி என்று இல்லையும் மனையையும் கட்டித் தந்த நாம், அவர்களைப் பார்த்துச் சிரிக்க உரிமையற்றவர்கள்! பொத்திப் பொத்தி வளர்த்த பெண்ணுக்கு அங்கே 'ஹகோஇரி முசுமே' என்று பெயர்: பெட்டிக்குள் வைத்த மகள்.

கிஷிதா தொஷிகோ என்னும் இளம்பெண் 1883இல் ஒத்ஸு நகரிலே மேடையேறினார். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் பேசினார். பெண்ணைப் பெட்டியிலே பூட்டுவது காப்பன்று, சிறை என்பதே அவர் கருத்து. பேசியதற்காகப் போலீஸ் அவரையே சிறையிலே பூட்டிற்று. 1890இல் பெண்கள் அரசியல் கூட்டத்துக்குச் செல்வதையே சட்டம் தடுத்தது. 1922 வரை அத்தடை நீடித்தது.

வேடிக்கை என்னவெனில், அம்மொழியின் இலக்கியத்தை வாழவைத்ததிலே பெண்களின் பங்கு பெரிது. ஆண்கள் சீன எழுத்திலே பெருமை தேடிக் கொண்டிருந்த காலத்திலே, 'பெண் கை' என்று பெயர் பெற்ற எளிய ஹிரகானா எழுத்திலே, அன்றாட மொழியிலே, பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கெஞ்சி கதையை எழுதினார் ஒரு பெண். முரசாகி ஷிகிபு என்கிறோம். அது அவர் இயற்பெயர் அன்று. ஷிகிபு என்பது அவர் தந்தை வகித்த அலுவலின் பெயர். நாட்டின் தலைசிறந்த எழுத்தாளரின் சொந்தப் பெயர் என்னவென்று உறுதியாகத் தெரியாது!

1946 ஏப்ரல் 10இல் ஜப்பானியப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். 39 பெண்கள் பாராளுமன்றம் புகுந்தனர். 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், திருமணத்திலே கணவனும் மனைவியும் சம உரிமையர் என்றது. அச்சட்டத்தையும் பழைய செந்நடையிலே எழுதாமல், மக்கள் பேச்சுக்கு அண்மையான நடையிலே எழுதினர். சட்டம் மாறி முக்கால் நூற்றாண்டு கடந்தும் ஷுஜின் என்ற சொல் ஒழியவில்லை. ஆயினும், எசமானன் என்று நான் ஏன் அழைக்க வேண்டும் என்று கேட்டு, வேறு சொல் தேடும் பெண்கள் பெருகி வருகின்றனர்.

நீர்மட்டம்

யாரைப் பார்த்தும் பெயருக்குப் பின்னே 'ஸன்' சேர்த்தால் மதிப்பு. மளிகைக் கடைக்காரரும் ஸன், பேராசிரியரும் ஸன். ஆனால் குடும்பப் பெயரை அரசு ஏட்டிலே பதித்துக் கொள்ளும் உரிமையே பொதுமக்களுக்கு 1870இல்தான் கிடைத்தது. 1875இல் அது கட்டாயமாயிற்று.

1871இல் எதா என்ற இழிபெயரை அரசு ஒழித்தது. அனைவரும் பொதுமக்களே என்றது. சட்டம் பெயரை எடுத்தது, சமுதாயம் விடவில்லை. 'ஷின் ஹெய்மின்', அதாவது புதுப் பொதுமக்கள் என்று ஓர் அடைமொழியைச் சேர்த்து, பழைய கோட்டைப் புதிதாய்க் கிழித்தது. 1873இல் மிமசாகாப் பகுதியிலே கலகக்காரர்கள் அம்மக்களைத் தாக்கிக் கொன்றனர்.

1922 மார்ச் 3ஆம் நாள் கியோத்தோ நகரிலே அம்மக்கள் கூடித் தங்கள் இயக்கத்தைத் தொடங்கினர். பெயர் 'ஸுயிஹெய்ஷா'. 'ஸுயி' என்றால் நீர். 'ஹெய்' என்றால் சமம். நீர்மட்டம்போல் சமமான சமுதாயம் வேண்டுவோர் சங்கம்! கொத்தனார் சுவரெழுப்பும்போது மட்டம் பார்க்கும் சொல்லை மனித சமத்துவத்துக்குப் பெயராக்கினர். எவரிடமும் இரக்கம் கோரவில்லை; தங்கள் விடுதலையைத் தாங்களே வெல்வோம் என்று அறிவித்தனர். எனினும் அவர்கள் வாழும் ஊர்களின் பட்டியலைக் கள்ளத்தனமாய் அச்சிட்டு நிறுவனங்களுக்கு விற்றது 1975இல் வெளிப்பட்டது. அவ்வேறுபாட்டை ஒழிக்க 2016இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. பெயரை மாற்றுவது தொடக்கம். மனத்தை மாற்றுவதே முடிவு.

கழுத்திலே தொங்கிய பலகை

புகழை மட்டும் பாடினால் அது வரலாறாகாது. தன் மொழியைக் காத்த அந்த அரசு, பிறர் மொழியை என்ன செய்தது?

ஒகினாவாப் பள்ளியிலே தன் வீட்டுமொழியைப் பேசிய குழந்தையின் கழுத்திலே 'ஹோகென் ஃபுதா' என்ற மரப்பலகையை மாட்டினர். அதே குற்றம் செய்யும் அடுத்த குழந்தை அகப்படும்வரை அது அங்கேயே தொங்கும். தாய்மொழி பேசினால் தண்டனை. தப்ப வேண்டுமானால் தோழனைக் காட்டிக் கொடு! கொரியாவிலே 1942இல், கொரிய மொழிக்கு அகராதி தொகுத்த அறிஞர்களைச் சிறையிட்டனர். இருவர் சிறையிலேயே மாண்டனர். பறிபோன கையெழுத்துப் படி, விடுதலைக்குப் பின், 1945 செப்டம்பரிலே, சியோல் நகர ரயில் நிலையக் கிடங்கிலே கிடைத்தது. 1947இல் முதல் தொகுதி அச்சேறிற்று. சொற்களைச் சேர்த்தது குற்றமாம்!

தமிழரும் ஒருமுறை ஜப்பானியச் சொற்களை அன்றாட வாழ்விலே கற்றனர், விரும்பிக் கற்கவில்லை. 1942இல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தன. சிங்கப்பூர் 'ஷோனான்' ஆயிற்று. பள்ளிகளிலே நிப்பொங்கோ புகுந்தது. தோட்டங்களிலே பால்வெட்டிக் கொண்டிருந்த பல்லாயிரம் தமிழரைச் சயாம்-பர்மா ரயில்பாதை போடக் கொண்டு சென்றனர். 415 கிலோமீட்டர் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் முடித்தனர். பசியும் வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் தின்ற உயிர்களுக்குச் சரியான கணக்கில்லை. ஜப்பானியர் அவர்களை அழைத்த பெயர் 'ரோமுஷா'. அகராதியைப் பார்த்தால் வெறும் 'உழைப்பாளி'. அந்தப் பாதையிலே தந்தையை இழந்த குடும்பத்தைக் கேட்டால் பொருள் வேறு! சொல்லின் முழுப்பொருளும் அகராதியிலே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கற்கும் முறை

ஜப்பானிய அரசு அன்று செய்த கொடுமைக்காக அம்மக்களின் மொழியை வெறுப்பதும் மடமையே. கற்கலாம், தமிழனுக்கு எளிதாகவும் கற்கலாம். 'வதஷி வா கொஹன் ஓ தபெரு' என்றால், நான் சோற்றை உண்கிறேன். சொல்லின் வரிசை நம் வரிசையே; வினை கடைசியிலே. நம் 'ஐ' உருபு போல் அங்கே பெயருக்குப் பின்னே ஓர் 'ஓ'. கேள்வியாக்க நாம் இறுதியிலே 'ஆ' சேர்ப்பதுபோல் அவர்கள் 'கா' சேர்க்கின்றனர். இது 'கொரே', அது 'அரே', எது 'டொரே'. கேட்பவர் பக்கத்திலே இருப்பது 'ஸொரே'. யாழ்ப்பாணத்தார் நாவிலே இன்றும் வாழும் நம் 'உது' அதற்கு மிக அண்மையிலே நிற்கிறது. அவர்களின் எழுத்து வரிசையும் அ, இ, உ, எ, ஒ என்றே தொடங்குகிறது. புத்தத் துறவிகள் வழியே சென்ற இந்திய எழுத்துமுறையின் தடம் அது.

உடனே, ஜப்பானியம் தமிழின் மகள் என்று முழங்கத் தோன்றும். ஓனோ சுசுமு என்னும் ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவுண்டு என்று பல ஆண்டுகள் உழைத்து நூல்கள் எழுதியது உண்மை. மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. அமைப்பு ஒத்திருப்பது கற்பதற்குத் துணை. பிறப்பு ஒன்று என்பதற்குச் சான்றாகாது. அரிகதோக் கதைக்கு எந்த அளவுகோலோ, நமக்கு இனிக்கும் கதைக்கும் அதே அளவுகோல்! பிறர் பொய்யை மட்டும் சோதிப்பது பகுத்தறிவாகாது.

ஆகவே இளைஞர்களே, கற்க முனைந்தால் நாளுக்கு ஐந்து சொல் போதும். சமையலறையிலிருந்து ஒன்று, தெருவிலிருந்து ஒன்று, பள்ளியிலிருந்து ஒன்று, உறவிலிருந்து ஒன்று, உழைப்பிலிருந்து ஒன்று. ஒவ்வொன்றையும் பொருளோடு நிறுத்தி விடாமல், இது எங்கிருந்து வந்தது, யாரை உயர்த்திற்று, யாரைத் தாழ்த்திற்று, இதை மாற்ற யார் போராடினார் என்று கேளுங்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால், அதே கேள்வியை நம் வீட்டிலே, நம் தெருவிலே, நாம் நாள்தோறும் சொல்லும் சொற்களைப் பார்த்தும் கேட்கத் தொடங்குவோம்.

கொசுகப்பாராவிலே நின்ற அந்த 90 வயது முதியவருக்கு உறுப்பின் பெயர் தெரியாது. அது எங்கே இருக்கிறது என்று தெரியும். அவர் காட்டினார், கற்றவர்கள் பெயரிட்டனர், நாடு பயன்கொண்டது. அவர் பெயரை மட்டும் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எந்த மொழியைக் கற்றாலும், அதன் ஏட்டிலே எழுதாமல் விட்ட பெயர்களையும் தேடுவோம்.